பெரம்பலூரில் ரயில் பார்க்க இறங்கியவன்

பெரம்பலூருக்கு ரயில் கிடையாது. வரும், வரும் என்று ஒவ்வொரு தேர்தலுக்கும் சொல்வார்கள். தேர்தல் மட்டும் வந்துவிட்டுப் போகும். ரயில் பார்க்க ஆசைப்பட்டால் நாங்கள் அரியலூருக்குத்தான் பஸ் ஏற வேண்டும். அப்படிப்பட்ட ஊரில் உட்கார்ந்துகொண்டு, ஐரோப்பாக்காரன் ரயில்வே கிராஸிங்குக்கு முன்னால் எந்த நாட்டில் என்ன போர்டு நடுகிறான் என்று மனப்பாடம் செய்தவன் நான். அதுவும் தலை நரைத்த பிறகு. பள்ளிக்கூடத்தில் இந்த அக்கறையில் பாதி காட்டியிருந்தால் இன்றைக்கு ஏதாவது ஆபீஸில் ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்து உங்களை நாளைக்கு வரச் சொல்லிக்கொண்டிருப்பேன்.

அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் மைன்ஸில் டிப்பர் லாரி ஓட்டுகிறேன். வெட்டிய கல்லை சிமெண்ட் ஃபேக்டரியில் கொட்டிவிட்டுத் திரும்புவது, மறுபடி ஏற்றுவது. வாழ்க்கை முழுக்க ஓட்டியும் ஒரே இடத்தில் நிற்கிற வேலை. இருமினால் கைக்குட்டையில் வெள்ளையாக வரும். "உள்ளேயே வெள்ளையடிச்சு வச்சிருக்கேன், பொங்கலுக்குத் தனியா செலவில்ல" என்று சொல்லி எல்லாரையும் சிரிக்க வைப்பேன். என் மனைவி மட்டும் அதற்குச் சிரித்ததில்லை.

அவள்தான் முதலில் அந்த விளம்பரத்தைப் போனில் காட்டினாள். போலந்தில் ஒரு கம்பெனிக்கு டிரெய்லர் டிரைவர்கள் வேண்டும். ஹெவி லைசென்ஸும் அனுபவமும் இருந்தால் போதும். வயது வரம்பு ஒன்று போட்டிருந்தார்கள். அது என் கழுத்துக்கு நேராக வந்து நின்றது. இந்த முறை விட்டால் அடுத்த முறை வாசலில்கூட நிற்க விடமாட்டார்கள். "தூசியில்லாத ரோட்டுல கொஞ்ச வருசம் ஓட்டிட்டு வாங்க. அது போதும் எனக்கு" என்றாள் அவள். பணம் காசு என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதுதான் என்னைக் கலக்கியது. பணத்துக்காகப் போகச் சொல்லியிருந்தால் ஏதாவது நக்கலடித்துத் தப்பித்திருப்பேன்.

ஏஜென்சி பெரம்பலூரிலேயே இருந்தது. அதை நடத்தியவரை நாங்கள் சார் என்றே கூப்பிட்டோம். நல்ல மனிதர்தான்; ஆனால் தன்னைத் தவிர யாருக்கும் மூளை இருக்கும் என்று நம்பாதவர். அவர் முதல் நாளே சொல்லிவிட்டார். "போலந்து கம்பெனின்னா போலந்துக்குள்ளயே சுத்துவீங்கன்னு நெனைக்காதீங்க. காலைல அங்க லோடு ஏத்துனா சாயந்திரம் ஜெர்மனி, மறுநாள் பிரான்ஸ். ஒவ்வொரு நாட்டுக்கும் போர்டு மாறும். ரயில்வே கிராஸிங் போர்டுல கோட்டை விட்டவன நான் அனுப்ப மாட்டேன். டெஸ்ட் எடுக்க அந்த ஊர்லருந்தே ஒரு ஆள் வர்றாரு."

என்னோடு சேர்ந்தவன் ஒரு லப்பைக்குடிக்காட்டுக்காரன். சவுதியில் பல வருடம் டிரெய்லர் ஓட்டிவிட்டு வந்து, இங்கே எங்கள் மைன்ஸில் டிப்பர் ஓட்டிக்கொண்டிருந்தான். நான் அவனை மாப்ள என்பேன், அவன் என்னை மாமா என்பான். அரியலூர் கேட்டில் ரயிலுக்காக நிற்கும்போது அவன் தன் வண்டியை விட்டு இறங்கி வந்து என் கேபினில் ஏறிக்கொள்வான். அதுதான் எங்கள் வகுப்பறை.

"மாமா, மஞ்ச முக்கோணம், சிவப்பு ஓரம், உள்ள வேலி. எந்த ஊரு?"

"போலந்து. வேலி போட்டிருந்தா கேட் உண்டு."

"வேலிக்குப் பதிலா பொகை விடுற இஞ்சின் இருந்தா?"

"கேட் கிடையாது. தலையெழுத்துதான்."

"வெள்ளை முக்கோணத்துல கரண்டு ரயிலு?"

"ஜெர்மனி. அவன் கேட் இருந்தாலும் இல்லேன்னாலும் ஒரே படத்தத்தான் போடுவான். போய்ப் பார்த்துத் தெரிஞ்சுக்கன்னு விட்டுர்றான். பெரிய மனுசன்."

முக்கோணத்தைத் தாண்டினால் தண்டவாளத்தை ஒட்டி ஒரு பெருக்கல் குறி நிற்கும். எல்லா நாட்டிலும் பெருக்கல் குறிதான், ஆனால் பூச்சு வேறு. கையின் முனை மட்டும் சிவந்திருந்தால் ஜெர்மனி. ஓரம் சுற்றிச் சிவந்திருந்தால் போலந்து. மொத்தமும் மஞ்சளாக இருந்து ஓரம் சிவந்தால் ஸ்வீடன். நடுவில் மின்னல் போல ஒரு அம்பு இருந்தால், ஜெர்மனியில் அந்த இடத்தில் மேலே மின்சாரக் கம்பி போகிறது என்று அர்த்தம். இரண்டு தண்டவாளம் என்றால் போலந்துக்காரன் பெருக்கல் குறிக்குக் கீழே இன்னொரு பாதியை ஒட்டுவான். ஒரு ரயில் போனதும் வண்டியை எடுத்துவிடாதே, இன்னொன்று வரும் என்கிறான்.

வீட்டில் என் மனைவி சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டே போனில் படம் காட்டிக் கேள்வி கேட்பாள். "இது?" ஸ்வீடன் என்பேன். "மஞ்சளப் பார்த்தா உடனே ஸ்வீடனா? முக்கோணம் போலந்துலயும் மஞ்சதாங்க. இது போலந்து." அவளை அனுப்பியிருக்கலாம். வண்டிதான் ஓட்டத் தெரியாது, மற்றபடி ஐரோப்பா முழுக்க அவளுக்கு அத்துப்படி.

எங்கள் கேட்டைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அரியலூரில் கேட் போட்டால் இடப்பக்கம், வலப்பக்கம் என்பதெல்லாம் அந்த நிமிடத்தோடு ஒழிந்தது. பின்னால் வருகிறவன் எதிர்ப்பக்கத்தில் ஏறி முன்னால் போய் நிற்பான். அந்தப் பக்கமும் அப்படியே. ரயில் போய்க் கேட் தூக்கினால் இரண்டு படைகள் நேருக்கு நேர் நிற்கும். "போலந்துல வலப்பக்கம் மட்டும்தான் நிப்பானாம் மாமா" என்றான் மாப்ள. "அப்ப இன்னொரு பக்கம்?" "காலியா கெடக்குமாம்." "அடப்பாவிகளா, அப்புறம் கேட் தொறந்தா சண்டை எப்படிரா வரும்?" பக்கத்து லாரிக்காரன் வரை சிரித்தான்.

சிரிக்க வைப்பதில் எனக்குக் குறையே கிடையாது. அதனால்தான் இந்தக் கதை.

இப்போது ஒரு பழக்கத்தைச் சொல்ல வேண்டும். ஃபேக்டரிக்குள் தனியாக ஒரு ரயில் பாதை போகிறது. சிமெண்ட் ஏற்றுகிற வேகன்களுக்காக. எங்கள் டிப்பர்கள் அதைக் குறுக்கே தாண்ட வேண்டும். கேட் கிடையாது. முன்பெல்லாம் வண்டிக்கு ஒரு கிளீனர் இருப்பான். அவன் இறங்கிப் போய், தண்டவாளத்தில் நின்று இரண்டு பக்கமும் பார்த்து, விசில் அடித்தால்தான் டிரைவர் வண்டியை எடுப்பான். சட்டமும் அப்படித்தான் என்பார்கள். பிறகு முதலாளிகள் கிளீனர்களை நிறுத்திவிட்டார்கள். கிளீனர் போனான், அவன் வேலை போகவில்லை; டிரைவர் தலையில் வந்து உட்கார்ந்தது.

நான் மற்றவர்கள் மாதிரி கேபினிலிருந்தே எட்டிப் பார்த்துவிட்டுப் போய்க்கொண்டுதான் இருந்தேன். ஒரு நாள் காலை, வெயில் நன்றாக ஏறிய நேரம், இஞ்சின் சத்தமே கேட்கவில்லை. எடுத்தேன். முன்சக்கரம் தண்டவாளத்தைத் தொடப் போகும்போது வலப்பக்கம் ஒரு சுவர் நகர்ந்து வந்தது. வேகன். இஞ்சின் இல்லாத வேகன். இஞ்சின் எங்கோ கடைசியில் இருந்துகொண்டு வரிசையைப் பின்னாலிருந்து தள்ளுகிறது. முன்னால் ஒரு ஆள் கொடி பிடித்து நடந்து வர வேண்டும்; அன்றைக்கு யாரும் வரவில்லை. பிரேக்கில் ஏறி நின்றேன். வண்டி நின்றது. கண்ணாடிக்கு முன்னால் வேகன்கள் ஒன்றன்பின் ஒன்றாக, கல்யாண வீட்டுப் பந்தியில் சாம்பார் வாளி போகிற மாதிரி நிதானமாகப் போயின.

அந்த நேரத்தில் நான் என்ன செய்தேன் தெரியுமா? ஹாரனை அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தேன். எல்லா வேகனும் போன பிறகும் பிடித்துக்கொண்டிருந்தேன். பின்னாலிருந்த டிரைவர் வந்து கதவைத் திறந்து, என் கையைப் பிடித்து எடுத்துவிட்ட பிறகுதான் சத்தம் நின்றது. "யாரத் திட்டுற, போன வேகனையா?" என்றான். "இல்ல, வழியனுப்புறேன்" என்றேன். சிரித்தான். 

அன்றிலிருந்து அந்த இடத்தில் நிறுத்துவேன், ஹேண்ட்பிரேக் போடுவேன், இறங்குவேன், தண்டவாளம் வரை நடந்து இரண்டு பக்கமும் பார்ப்பேன், திரும்பி வந்து ஏறுவேன். பின்னால் நிற்கிறவர்கள் விடுவார்களா?

"யோவ், பொண்ணு பார்க்கப் போறியா?"

"தண்டவாளத்துக்கு மாலை போட்டாச்சா, நாங்க வரலாமா?"

"அதுக்கு உன்ன மாதிரி ஆள் எதுக்கு, அந்த எடத்துல ஒரு கோயில் கட்டிரு!"

"கட்டிருவேன், உண்டியல் உன் வூட்டு வாசல்ல வைப்பேன்" என்று நானும் பதில் சொல்வேன். மாப்ளைக்கு மட்டும் விஷயம் தெரியும். ஒரு முறை டீ குடிக்கும்போது என்னையும் மீறிச் சொல்லிவிட்டேன். அவன் சிரிக்காமல், "நல்லதுதான் மாமா, இறங்கியே பாரு" என்றான்.

டெஸ்ட் நாள் வந்தது. பெரம்பலூரை ஒட்டி, ஹைவேக்குப் பக்கத்தில், மக்காச்சோளம் காயப்போடுகிற பெரிய சிமெண்ட் களம். சார் அதை வாடகைக்குப் பிடித்து ஐரோப்பாவாக மாற்றியிருந்தார். ஃபிளக்ஸில் அச்சடித்த போர்டுகளைச் சவுக்குக் கழியில் கட்டி நட்டிருந்தார்கள். இந்த மூலை ஜெர்மனி, அந்த மூலை பிரான்ஸ், தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் ஸ்வீடன். களத்தின் கடைசியில் போலந்து. அங்கே சுண்ணாம்புத் தூளால் தரையில் இரண்டு கோடு போட்டு, குறுக்குக் கட்டைகளும் வரைந்திருந்தார்கள். அதுதான் ரயில் பாதை. ஓரத்தில் பாதி காய்ந்த சோளத்தைக் குவித்துத் தார்ப்பாய் போட்டு மூடியிருந்தது.

போலந்துக்காரர் வந்திருந்தார். உயரமான, சாந்தமான மனிதர். வெயிலில் முகம் தக்காளியாகியிருந்தது. டெஸ்டுக்கு நிறுத்தியிருந்த டிரெய்லர் லாரியின் கேபினில் டிரைவருக்குப் பக்கத்தில் அவர் உட்கார்ந்துகொள்வார். சார் வெளியே நின்று, தேவைப்பட்டால் மொழிபெயர்ப்பார்.

என் முறை வருவதற்குள் பக்கத்து வயல் மறைவுக்கு எத்தனை தரம் போனேன் என்று சொன்னால் மானம் போய்விடும். சட்டையின் மேல் பட்டனைப் போட்டேன், கழற்றினேன், மறுபடி போட்டேன். "மாமா, கல்யாணத்தன்னிக்குகூட நீ இப்படி இருந்திருக்க மாட்ட" என்றான் மாப்ள. "அன்னிக்கு டெஸ்ட் எடுக்க வெள்ளைக்காரன் வரலியேடா."

ஏறினேன். வண்டிக்குள் வந்துவிட்டால் நான் வேறு ஆள். ரிவர்ஸ் எடுத்தேன், டிரெய்லர் நூல் பிடித்த மாதிரி போய் நின்றது. ஜெர்மனியைத் தாண்டினேன். பிரான்ஸில் வேலிப் படம். கேட் உண்டு, வேகத்தைக் குறைத்தேன். போலந்துக்காரர் தலையாட்டிக்கொண்டே வந்தார். கிடைத்துவிட்டது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அந்த நினைப்புத்தான் வினை. வேலை கையில் வந்ததும், அதை விட்டுவிடக் கூடாதே என்று ஒரு பயம் கிளம்பியது.

போலந்து. மஞ்சள் முக்கோணம். உள்ளே புகை விடுகிற இஞ்சின். கேட் கிடையாது. அடுத்து ஓரம் சிவந்த பெருக்கல் குறி. நான் செய்ய வேண்டியது இவ்வளவுதான்: வேகத்தைக் குறைத்து, கேபினிலிருந்தே இரண்டு பக்கமும் பார்த்து, நிற்காமல் தாண்ட வேண்டும்.

நிறுத்தினேன். ஹேண்ட்பிரேக் போட்டேன். கதவைத் திறந்தேன். இறங்கினேன்.

சுண்ணாம்புக் கோடு வரை நடந்து போனேன். இடப்பக்கம் பார்த்தேன். சோளக் குவியல், அதன் மேல் ஒரு ஆடு. வலப்பக்கம் பார்த்தேன். ஹைவேயில் திருச்சி பஸ் ஒன்று போனது. வேகன் எதுவும் வரவில்லை என்று உறுதி செய்துகொண்டேன். திரும்பினேன். அப்போதுதான் களத்தின் விளிம்பில் நின்ற அத்தனை பேரும் வாயைத் திறந்து என்னைப் பார்ப்பதைப் பார்த்தேன். கேபினில் போலந்துக்காரர், டிரைவர் இல்லாத வண்டியில், தனியாக.

முதலில் ஒருவன் சிரித்தான். பிறகு களமே சிரித்தது. "பெரம்பலூருக்கு ரயில் விட்டாச்சு டோய்!" என்று ஒரு குரல். விசில் பறந்தது. ஆடு குவியலிலிருந்து இறங்கி ஓடியது.

சார் மூச்சிரைக்க ஓடி வந்தார். "யோவ், இங்கயும் உன் நக்கலா? அந்தாளு ஏழு கடல் தாண்டி வந்திருக்காருய்யா!"

போலந்துக்காரர் இறங்கி வந்தார். அவர் சிரிக்கவில்லை. அவர் முகத்தில் கோபமும் இல்லை. என்னையும் கோட்டையும் பார்த்துவிட்டு ஆங்கிலத்தில் ஏதோ மெதுவாகக் கேட்டார். "எதுக்கு இறங்குனன்னு கேக்குறாரு. சொல்லு" என்றார் சார்.

நிஜமாகவே தெரிந்துகொள்ள ஆசைப்பட்டுத்தான் அந்த மனிதர் கேட்டார். இன்றைக்கு வரை அந்த முகம் எனக்கு மறக்கவில்லை. கூட்டத்தில் மாப்ள சிரிக்காமல் நின்றான். சொல்லு மாமா என்று கண்ணாலேயே சொன்னான். அவனே சொல்ல வாயெடுத்தான். நான் கையைக் காட்டி நிறுத்தினேன். எப்படிச் சொல்வது? வேகன் வந்துச்சுங்க, பயந்துட்டேன், அன்னிலருந்து இறங்காம தாண்ட முடியலங்க என்று, அத்தனை டிரைவர்களுக்கு முன்னால், சுண்ணாம்புத் தூள் தண்டவாளத்தில் நின்றுகொண்டா?

"எங்க ஊருக்கு ரயில் வந்தா, மொதல்ல பாக்குறது நானா இருக்கணும்னு இறங்குனேன் சார்" என்றேன்.

இடி விழுந்த மாதிரி சிரிப்பு. சாருக்கே சிரிப்பு வந்துவிட்டது. அவர் அதை மொழிபெயர்த்தார். போலந்துக்காரர் கேட்டுக்கொண்டார். மரியாதைக்காக லேசாகப் புன்னகைத்தார். கையிலிருந்த தாளில் ஏதோ ஒரு கோடு இழுத்தார். சின்னக் கோடுதான்.

"நல்லா ஓட்டுறான், ஆனா பொறுப்பில்ல, வேலைய விளையாட்டா நெனைக்கிறான்னு சொல்லிட்டாரு" என்றார் சார் பிறகு. "வாய வச்சிக்கிட்டு சும்மா இருக்கத் தெரியுதா ஒனக்கு?"

மாப்ளைக்கு வேலை கிடைத்தது. அன்றைக்கு இருவரும் ஒரே பஸ்ஸில் உட்கார்ந்து வந்தோம். சந்தோஷப்படுவதற்கு அவன் என்னிடம் அனுமதி கேட்கிற மாதிரி உட்கார்ந்திருந்தான். "ஏன் மாமா உள்ளதச் சொல்லல?" என்றான். "சொல்லியிருந்தா பயந்தாங்கொள்ளின்னு எழுதியிருப்பான்" என்றேன். "கோமாளின்னு எழுதுனது மட்டும் பரவால்லியா?" என்றான். கண்டக்டரைக் கூப்பிட்டு இரண்டு டிக்கெட் கேட்டேன்.

வீட்டில் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஆடு உட்பட நடித்துக் காட்டினேன். சிரித்து முடிக்கட்டும், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று ஒரு கணக்கு. அவள் நடிப்பை முழுசாகப் பார்த்தாள்.

"அப்ப கிடைக்கல."

"கிடைக்கல."

"வயசு?"

"இதோட சரி."

எழுந்து உள்ளே போனாள். அழவில்லை, திட்டவில்லை. சாப்பாடு போட்டாள். நான் இருமினால் அவள் கை ஒரு கணம் நிற்கும், பிறகு ரசத்தை ஊற்றும். அவ்வளவுதான். திட்டியிருந்தால் சாப்பாடு இறங்கியிருக்கும்.

மாப்ள போய்ச் சேர்ந்து சில வாரம் கழித்துப் போன் செய்தான். நான் மைன்ஸில் லோடுக்காக வரிசையில் நின்றுகொண்டிருந்தேன். குளிர், ரொட்டி, ரோடு என்று எல்லாம் சொன்னான். தொழுகைக்கு இடம் கண்டுபிடித்ததைச் சொன்னான். பிறகு கொஞ்சம் தயங்கினான்.

"மாமா, அந்தாளு இங்க எங்க யார்டுலதான் இருக்காரு. டெஸ்ட் எடுத்தவரு. நேத்து எனக்குத் தெரிஞ்ச இங்கிலீஷ்ல ஒன் விஷயத்தச் சொன்னேன். வேகன் வந்தது, கிளீனர் இல்லாதது, எல்லாம்."

"உன்ன யாருடா சொல்லச் சொன்னது?"

"மனசு கேக்கல மாமா. நல்லாக் கேட்டுக்கிட்டாரு. இங்கயும் ஃபேக்டரி லைன்ல பின்னாலருந்து தள்ளிட்டு வருவாங்களாம். அப்ப ரோட்டுல ஒருத்தன் இறங்கி நின்னு பார்த்துத்தான் வண்டிய விடணுமாம். அவங்க அப்பாவே அந்த வேலைதான் பார்த்தாராம். இத அன்னிக்கே சொல்லியிருக்கலாமேன்னு ரெண்டு தரம் சொன்னாரு மாமா."

முன்னால் நின்ற டிப்பர் நகர்ந்தது. பின்னால் ஹாரன் அடித்தார்கள். நான் கியரைப் போடாமல் உட்கார்ந்திருந்தேன்.

"மாமா? லைன்ல இருக்கியா?"

"இருக்கேன். அந்த இறங்கி நிக்கிற வேலைக்கு ஆள் எடுக்குறாங்களான்னு கேளு மாப்ள. வயசு பார்ப்பாங்களான்னும் கேளு."

அவன் விழுந்து விழுந்து சிரித்தான். அல்லா, நீ மாறவே மாட்ட மாமா என்று சிரித்துக்கொண்டே போனை வைத்தான்.

நான் விளையாட்டுக்குக் கேட்கவில்லை.